ஓஆர்எஸ் பவுடர்: ஐந்து பேர் நான்கு நாள் குடித்துப் பார்த்த பிறகு

பேதியில் போகும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பவுடர்தான் ஓஆர்எஸ். ருசியை முதலில் சொல்லிவிடுகிறேன்: கேவலம். கடல் தண்ணீரில் யாரோ மிட்டாய் கரைக்க ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போனது போல இருக்கும். சாதாரண நாளில் ஒரு மிடறுக்கு மேல் என்னால் உள்ளே தள்ள முடியாது. ஆனால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டரை மணிக்கு, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேனே, அப்போது இதே கரைசல் இளநீர் மாதிரி இறங்கியது. வியாழக்கிழமை கொஞ்சம் தெளிந்ததும் மறுபடி கேவலமாகிவிட்டது. ஆகவே ருசிக்கு மார்க் போடப் போவதில்லை, அது குடிப்பவரின் நிலைமையைப் பொறுத்தது.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு கல்யாணம். எந்த மண்டபம், யார் சமையல் என்பதெல்லாம் வேண்டாம், பெண் வீட்டார் ஏற்கெனவே போதுமான அளவு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எனக்குச் சாப்பாட்டைவிட அங்கே வைத்திருந்த தண்ணீர் மேல்தான் சந்தேகம். திங்கள் சாயங்காலம் தம்பிக்கு ஆரம்பித்தது. செவ்வாய் இருட்டுவதற்குள் அப்பா, என் மகள், நான், கடைசியாக "எனக்கெல்லாம் கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், ஆக ஐந்து பேர். கழிப்பறை ஒன்று. மேற்கொண்டு விவரிக்க வேண்டியதில்லை.

எங்கள் பாட்டிக்குக் கோபம் வந்தால் "பேதியில போறவனே" என்று திட்டுவாள். சின்ன வயதில் எங்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். அவள் சிறுமியாக இருந்த காலத்தில் அது சிரிப்பு இல்லை. காலையில் வயலுக்குப் போன ஆள் விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லாமல் போவதைப் பார்த்தவர்கள் உண்டாக்கிய வசவு அது. வாந்திபேதி, அதாவது காலரா. அந்தச் சாபத்தின் பல்லைப் பிடுங்கியதில் பெரிய பங்கு இந்த இருபது சொச்சம் ரூபாய் உறைக்கு உண்டு என்பதால்தான் ஒரு பாக்கெட்டுக்கு இவ்வளவு நீளமாக ரிவ்யூ எழுதுகிறேன். அப்புறம் நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. இப்போது பார்ப்பது இன்சூரன்ஸ் கிளெய்ம் பேப்பர், படித்ததில் முக்கால்வாசி போய்விட்டது, ஆனால் காலரா டாக்சின், அதாவது காலராக் கிருமி சுரக்கும் நச்சு, மட்டும் போகவில்லை, அதன் அழகு அப்படி.

சரி, பொருளுக்கு வருவோம். நான் வாங்கியது மருந்துக்கடையில் கிடைக்கும் சாதா ஓஆர்எஸ் பவுடர், உறையில் 'டபிள்யூஎச்ஓ ஃபார்முலா' (உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவை) என்று இருந்தது. அதுதான் பார்க்க வேண்டிய ஒரே விஷயம், கம்பெனி எதுவானாலும் பரவாயில்லை, எனவே பெயர் சொல்லவில்லை. ஒரு லிட்டருக்கான பெரிய உறை, 200 மில்லிக்கான குட்டி உறை என்று இரண்டு அளவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். உள்ளே நான்கே சாமான்: ஒரு லிட்டர் கணக்குக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கூட்டினால் 20.5 கிராம். ஒரு கைப்பிடி கூட இல்லை. "இதுக்கா இருபது ரூபா, வீட்ல உப்பும் சக்கரையும் இல்லையா" என்று அப்பாவே கேட்டார், படுத்துக்கொண்டே.

அப்பாவுக்கு வயது 71. எங்கள் ஐந்து பேரில் அவருக்குத்தான் ரொம்ப மோசம். செவ்வாய் ராத்திரி அவர் புறங்கையின் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டேன், அது கூடாரம் மாதிரி அப்படியே நின்று மெதுவாக அமர்ந்தது. (வயதானவர்களுக்குத் தோல் சும்மாவே கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் கண் குழிவிழுந்து, நாக்கு காய்ந்து, மத்தியானத்திலிருந்து சிறுநீரும் போகவில்லை.) ஓஆர்எஸ் கலக்கச் சொல்லித் தம்பியை அனுப்பினேன். போய்ப் பார்த்தால் ஒரு லிட்டர் உறை முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டி ஸ்பூனால் ஆட்டிக்கொண்டிருக்கிறான். "ஸ்ட்ராங்கா இருந்தா சீக்கிரம் கேக்கும்ல அக்கா." பிடுங்கிக் கொட்டினேன்.

அவன் மேல் தப்பில்லை, இந்த இடத்தில் உறைக்கு அரை மார்க் குறைக்கிறேன். 'ஒரு லிட்டர் தண்ணீரில் முழு உறையையும் கரைக்கவும்' என்ற ஒரே வரிதான் இந்தப் பொருளின் உயிர்நாடி, அதைக் கம்பெனி பெயருக்கும் ஆரஞ்சுப் பழப் படத்துக்கும் கீழே கடுகு எழுத்தில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் போட்டிருந்தார்கள். தமிழ் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடி இல்லாத ஒருவர் எப்படிப் படிப்பார்?

அளவில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று புரிய வேண்டுமானால் வயிற்றுக்குள் நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேதி என்றால் கிருமி குடலைப் புண்ணாக்கிவிட்டது, அரித்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காலரா விஷயத்தில் மருத்துவ உலகமே ரொம்ப காலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தது. கிருமி குடல் சுவரைத் தொடாமலேயே இவ்வளவையும் செய்ய முடியும், அது சுரக்கும் நச்சு மட்டுமே போதும் என்று காட்டியவர் கல்கத்தாவில் இருந்த சம்பு நாத் தே. முயலின் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, கிருமிகளை வடிகட்டி எடுத்துவிட்ட வெறும் வளர்ப்புத் திரவத்தை அதற்குள் செலுத்தினார். கிருமி ஒன்றுகூட இல்லை, ஆனாலும் குடல் துண்டு தண்ணீர் கோத்துப் பலூன் மாதிரி உப்பியது. 1959இல் நேச்சர் இதழில் வந்தது. காலராக் கிருமி ஒரு நஞ்சை விடுகிறது என்று 1884இலேயே ராபர்ட் கோக் ஊகித்திருந்தார், அதை நிரூபிக்க எழுபத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது. தேயை நோபலுக்குப் பரிந்துரைத்தார்கள், கிடைக்கவில்லை. எங்கள் கல்லூரிப் பாடத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

அந்த நச்சின் வடிவத்தைப் புரிந்துகொள்ள ஒரு மெதுவடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் ஓட்டையுள்ள வடை. இதற்கு பி பகுதி என்று பெயர். வடையின் மேல் இன்னொரு துண்டு குந்தியிருக்கும், அதன் வால் ஓட்டைக்குள் செருகியிருக்கும், அதுதான் ஏ பகுதி. வடையின் வேலை ஒட்டிக்கொள்வது மட்டுமே. நம் குடல் செல்லின் மேல்தோலில் ஜிஎம்1 என்று ஒரு கொழுப்பு மூலக்கூறு இருக்கிறது, சர்க்கரை வால் வைத்தது. ஐந்து துண்டும் ஆளுக்கொரு ஜிஎம்1ஐப் பிடித்துக்கொண்டால் பிறகு அதைக் கழற்றுவது கடினம். செல் தன் வழக்கப்படி அந்த இடத்தைச் சின்னப் பையாக மடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

உள்ளே போனதும் நச்சு பண்ணும் காரியம்தான் எனக்குப் படிக்கும்போது புல்லரித்தது. செல்லுக்குள் புரதங்கள் தயாராகி வெளியே போவதற்கு ஒரு பாதை உண்டு, நச்சு அதே பாதையில் எதிர்த்திசையில் போகிறது, ஒருவழிச் சாலையில் ராங் சைடில் பைக் ஓட்டுகிற மாதிரி. கடைசியில் புரதம் மடிக்கும் கூடத்துக்குப் போய்ச் சேரும். அந்தக் கூடத்தில் சரியாக மடியாத சொத்தைப் புரதங்களைக் குப்பை என்று வெளியே தள்ள ஒரு வாசல் இருக்கிறது. ஏ பகுதியின் ஒரு துண்டு அங்கே தன்னைச் சொத்தைப் புரதம் போலக் காட்டிக்கொள்ளும். செல்லே அதைக் குப்பை வாசல் வழியாக உள்ளறைக்குத் தள்ளிவிடும். அப்படித் தள்ளப்பட்டதை அடுத்ததாக அரைத்துப் போட ஒரு இயந்திரம் இருக்கிறது. அதற்கு அனுப்ப வேண்டிய அடையாளச் சீட்டை லைசின் என்ற அமினோ அமிலத்தில்தான் ஒட்ட வேண்டும், இந்தத் துண்டில் லைசின் மிகக் குறைவு. சீட்டு ஒட்ட இடமில்லை, தப்பித்துவிடும். மூளை இல்லாத ஒரு மூலக்கூறு இதையெல்லாம் செய்கிறது.

தப்பித்து வந்து ஒரே ஒரு வேலை செய்கிறது, ஆனால் சரியான இடத்தில் செய்கிறது. வீட்டில் மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுகிறோம், தொட்டி நிறைந்ததும் தானாக நிற்க ஒரு ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறோம் இல்லையா. குடல் செல்லிலும் ஜி புரதம் என்று அப்படி ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு தானே அணைந்துவிடும். நச்சு அந்த ஸ்விட்சின் மேல் ஒரு ரசாயனத் துண்டை ஒட்டிவிடுகிறது. அணையும் திறன் போய்விட்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருள் செல்லுக்குள் ஏறிக்கொண்டே போகும், அது குளோரைடு (உப்பின் ஒரு பாதி, மறுபாதி சோடியம்) வெளியேறும் கால்வாயைத் திறந்து பிடித்துக்கொள்ளும். குளோரைடு குடலுக்குள் கொட்டும், அதன் பின்னால் சோடியம், அதன் பின்னால் தண்ணீர். போதாததற்குச் சாதாரணமாக உப்பை உள்ளே இழுக்கும் ஒரு வழியையும் அடைத்துவிடும். கடுமையான காலராவில் ஒரு பெரிய ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. இத்தனை நடக்கும்போதும் செல் சாகவில்லை. சுவர் இடிந்து தண்ணீர் வரவில்லை, குழாயைத் திறந்து வைத்துவிட்டதால் வருகிறது.

எங்களுக்கு வந்தது காலரா இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, வெறும் தண்ணீர். இப்படித் தண்ணீராகப் போவதற்கு அடிக்கடி காரணமாகிற ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியா இருக்கிறது, அது சுரக்கும் நச்சுகளில் ஒன்று காலரா டாக்சினுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி, அதே வடை, அதே ஸ்விட்ச். இன்னொன்று வேறு தூதுப்பொருளை ஏற்றி அதே கால்வாயைத் திறக்கும். எது வந்திருந்தாலும் கழிப்பறை வாசலில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது பாக்கெட்டுக்கு வருகிறேன். நச்சு இத்தனை வழியைக் கெடுத்தாலும் ஒரு வழியை மட்டும் தொடுவதில்லை. குடல் சுவரில் எஸ்ஜிஎல்டி1 என்று ஒரு புரதம் இருக்கிறது, சுத்தமான ஷேர் ஆட்டோ. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் ஏறினால்தான் கிளம்பும். உப்பு மட்டும் குடித்தால் ஆட்டோ நிற்கும், குளுக்கோஸ் மட்டும் குடித்தாலும் பெரிதாகப் பலனில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் உள்ளே போகும், தண்ணீரும் கூடவே ஏறிக்கொள்ளும். பக்கத்தில் மோட்டார் ஓடி வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கும். சர்க்கரை இங்கே தெம்புக்காகவோ ருசிக்காகவோ இல்லை, உப்பை உள்ளே அழைத்துப்போகும் டிக்கெட். இந்த ஜோடிக் கணக்கை 1960இல் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியல் அறிஞர்.

அதனால்தான் அளவு. தம்பி கலக்கியது போலக் கெட்டியாகக் கொடுத்தால் அந்த உப்பும் சர்க்கரையும் உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும், ரத்தத்தில் உப்பும் ஏறும், குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. ஃபார்முலாவையே ஒரு தடவை இப்படித்தான் இளக்கினார்கள்: முன்பு லிட்டருக்குக் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம். 2002இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் குறைத்து இப்போதுள்ள அளவுக்குக் கொண்டுவந்தது. பேதியும் வாந்தியும் குறைந்தன, ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது. நான்கு சாமானில் மற்ற இரண்டும் சும்மா இல்லை. பொட்டாசியம் பேதியோடு போய்விடும், போனால் உடம்பு துவண்டுவிடும். சிட்ரேட், பேதியில் இழந்த காரத்தன்மையை ஈடுகட்ட. முன்பு அதற்குச் சோடா உப்பு போட்டிருந்தார்கள், ஈரக்காற்றில் பவுடர் பழுப்பாகிக் கெட்டுப்போனதால் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் முந்தைய உறை ஒன்று அலமாரியில் கிடந்தது, அது சிட்ரேட் இருந்தும் கட்டி தட்டிப் போயிருந்தது. காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

அப்பாவுக்கு எப்படிக் கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஆறின வெந்நீரைக் கழுத்துவரை நிரப்பி, முழு உறையையும் கொட்டிக் குலுக்கினேன். முதல் டம்ளரை மடமடவென்று குடித்தார், ஐந்து நிமிடத்தில் வாந்தி. "இது ஒத்துக்கல, வேண்டாம்." பத்து நிமிடம் விட்டு டீஸ்பூனில் ஆரம்பித்தேன், ஒரு ஸ்பூன், ஒரு நிமிடம், ஒரு ஸ்பூன். மருந்து கொடுக்கிற மாதிரி இல்லை, வெறுப்பேற்றுகிற மாதிரி இருக்கும். மகள் ஒரு பக்கம் முனகிக்கொண்டே மொபைலில் நிமிடம் பார்த்துச் சொன்னாள். நாலு மணி வரை நான், அப்புறம் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே தம்பி. விடிவதற்குள் முக்கால் பாட்டில் உள்ளே போய்த் தங்கிவிட்டது. காலை பத்து மணிக்குள் சிறுநீர் வராவிட்டால் ஆஸ்பத்திரி என்று முடிவு செய்து ஆட்டோக்காரர் நம்பரையும் எடுத்து வைத்திருந்தோம்.

இப்படி வாயால் கொடுத்தே காப்பாற்ற முடியும் என்று பெரிய அளவில் காட்டியது 1971இல், வங்கதேசப் போரில் அகதிகள் வந்து குவிந்த பன்காவ் என்ற மேற்கு வங்க எல்லை ஊரில். திலீப் மகலானபிஸ் என்ற டாக்டர், ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் அளந்து பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நர்ஸ் இல்லை, ஊசி இல்லை, அம்மாவும் அண்ணனும் டம்ளரும்தான். 30 சதவீதம் போல இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அவர் 2022இல் காலமானார், அடுத்த வருடம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

இதே விலைக்கோ கொஞ்சம் கூடவோ, அட்டைப்பெட்டியில் ஸ்ட்ரா குத்திக் குடிக்கிற இனிப்புப் பானங்களும் மருந்துக்கடையில் உண்டு. மகளுக்கு நாலு வயதில் பேதி வந்தபோது 'ஓஆர்எஸ் குடுங்க' என்று கேட்டதற்கு ஒரு கடையில் அதைத்தான் எடுத்து நீட்டினார்கள், பெயரிலேயே அந்த எழுத்துகள் இருந்ததால் நானும் யோசிக்காமல் வாங்கினேன், படித்த முட்டாள். குழந்தை ஆசையாகக் குடித்தாள், பேதி இன்னும் கூடியது. பிறகுதான் பெட்டியின் பக்கவாட்டைப் படித்தேன்: 100 மில்லிக்குச் சர்க்கரை 8 கிராமுக்கு மேல். சரியான ஓஆர்எஸ்ஸில் அதே 100 மில்லிக்கு 1.35 கிராம்தான். ஷேர் ஆட்டோவில் ஏற முடியாமல் நிற்கும் அத்தனை சர்க்கரையும் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கிறது. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த ஃபார்முலா இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. நல்லது. ஆனாலும் பெயர் மாறினாலும் அலமாரியில் இடம் மாறாது, கேட்கும்போது 'பவுடர், டபிள்யூஎச்ஓ ஃபார்முலா' என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஆன்லைனில் இந்தப் பவுடருக்கு ஒரு ஸ்டார் போட்டவர்களின் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: குடித்தேன், நிற்கவே இல்லை. உண்மை. இது பேதியை நிறுத்தாது. மோட்டார் ஸ்விட்சில் ஒட்டியதை உரிக்க இதனால் முடியாது. கிருமி கழிந்துபோய், நச்சு பட்ட குடல் செல்கள் உதிர்ந்து புதியவை வரும் வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். நல்லவேளையாகக் குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளில் புதுப்பித்துக்கொள்ளும். அதுவரை போகும் தண்ணீருக்கு ஈடாக உள்ளே விட்டுக்கொண்டே இருப்பதுதான் இந்தப் பாக்கெட்டின் வேலை. நிறுத்த மாத்திரை கேட்டுப் போன என் வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரை கிடைத்தது, போட்டார், மூன்று மணி நேரம் வெற்றிச் சிரிப்பு சிரித்தார், வயிறு பானை மாதிரி உப்பிய பிறகு சிரிப்பு நின்றது. அது குடல் அசைவைத்தான் கட்டிப்போடும். குழந்தைகளுக்கும் ரத்தம் போகும்போதும் அதைத் தொடவே கூடாது.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆபீஸில் ஒரு பையன் ராத்திரி மீந்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்து மறுநாள் மத்தியானம் ஃப்ரைடு ரைஸ் ஆக்கிச் சாப்பிட்டான், மூன்று மணி நேரத்தில் குடலே வாய்க்கு வந்துவிடும் போல வாந்தி. அது அநேகமாகப் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அதன் விதைகள் சோறு வேகும்போதும் சாகாமல் கிடந்து, சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்து, சோற்றிலேயே நச்சைச் செய்து வைத்துவிடும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாத நச்சு, கடாயில் புரட்டினால் என்ன ஆகும்? அது ஸ்விட்சைத் தொடுவதில்லை, பொட்டாசியத்தைச் சுமந்துகொண்டு சவ்வுகளைக் கடந்து செல்லின் பவர்ஹவுசான மைட்டோகாண்ட்ரியாவைக் குலைக்கும். அப்போது வாந்தி அடங்கும் வரை ஓஆர்எஸ் சொட்டுச் சொட்டாகத்தான் உதவும்.

ரத்தம் கலந்து போனால் கதையே வேறு. ஷிகா டாக்சின் என்று ஒன்று, சீதபேதிக் கிருமிகளில் ஒரு வகையும் ஈ.கோலையில் சில வகைகளும் சுரப்பது. அது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒரே ஒரு எழுத்தைப் பிடுங்கிவிடும், அவ்வளவுதான், தொழிற்சாலை மூடிவிடும், செல் செத்துவிடும். சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இங்கே குழாய் திறந்து கிடக்கவில்லை, சுவரே இடிகிறது. வீட்டில் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை துவண்டுபோய்க் குடிக்க மறுத்தாலும், பெரியவருக்கு மணிக்கணக்கில் சிறுநீர் இல்லாவிட்டாலும் அதேதான். குழந்தைகளுக்கு ஓஆர்எஸ்ஸோடு துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள், டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், பேதி நின்றவுடன் நிறுத்திவிடாதீர்கள்.

"கஞ்சித் தண்ணில உப்புப் போட்டுக் குடிச்சா போதாதா" என்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார். கேள்வி அசட்டுத்தனமானது இல்லை. அரிசி மாவு ஒரு குளுக்கோஸ் சங்கிலி, குடலில் மெதுவாக உடைந்து டிக்கெட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும், கரைசலும் கெட்டிப்படாது. வேலூர் சிஎம்சியில் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள்: சிறுகுடலில் செரிக்காத ஒரு சோள மாவை ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்கு 50 கிராம் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மாவு பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாவால் புளித்து, அதில் வரும் கொழுப்பு அமிலங்கள் பெருங்குடலும் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்கும்படி செய்கின்றன. பேதியின் அளவு குறைந்தது. 2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 48 நோயாளிகள், சின்ன ஆய்வுதான், ஆனால் யோசனை பிரமாதம். அக்காவிடம் சொன்னது: கஞ்சி தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் உப்பைக் கையால் அள்ளிப் போடுவதற்கு உறையில் அளந்து வைத்தது மேல்.

வகைகள் பற்றி: ஆரஞ்சு, எலுமிச்சை, ஃபிளேவர் இல்லாத சாதா மூன்றும் குடித்தோம். ஆரஞ்சு வாந்தியோடு திரும்பி வரும்போது என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் வாங்குங்கள், என் மகளுக்கு இனி ஆரஞ்சு மிட்டாயே ஆகாது. எலுமிச்சை பரவாயில்லை. சாதாதான் என் தேர்வு, ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று கொடுத்தால் இறங்கும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், கொதிக்க வைக்காதீர்கள், சர்க்கரை சேர்க்காதீர்கள். தனியாள் என்றால் 200 மில்லி உறை வசதி, எங்களைப் போல மொத்தக் குடும்பமும் விழுந்தால் ஒரு லிட்டர். நான்கு நாளில் பதினேழு உறை போனது.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலரை. அரை மார்க் அந்தக் கடுகு எழுத்துக்கும் தமிழ் இல்லாததற்கும்.

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அப்பா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். நாங்கள் நாலு பேரும் வெளியே, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கிற மாதிரி. உள்ளேயிருந்து சத்தம் வந்தது, பேதி இல்லை, சிறுநீர். தம்பி கைதட்டிவிட்டான். "என்னடா வெளிய கூட்டம்" என்று அப்பா உள்ளேயிருந்து அதட்டினார், முந்தின ராத்திரி பேசக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த மனுஷர். ஆட்டோக்காரருக்கு வேண்டாம் என்று போன் பண்ணினேன். மீதி மூன்று உறை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரில் பெரிதாக 'ஒரு லிட்டர்' என்று தம்பி கையால் எழுத வைத்திருக்கிறேன்.